தங்கம் தட்டியவர் நட்ட கொடி

தங்க ரேக்கு செய்கிறவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. தகடாக நீட்டிய தங்கத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மாட்டுக்குடல் சவ்வில் செய்த தாள்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக அடுக்கி, கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். தட்டி, பிரித்து, மறுபடி வெட்டி, மறுபடி அடுக்கி, மறுபடி தட்ட வேண்டும். கடைசியில் அது விரலால் தொட்டால் விரலோடு ஒட்டிக்கொள்ளும், மூச்சு விட்டால் பறந்துபோகும். காற்றே வராத அறையில் நாள் முழுக்கச் சுத்தியல் ஓங்குகிற அந்த வேலையைத்தான் பாஸ்டன் நகரத்து வெள்ளி வேலைக்காரர் ஒருவரின் மகன் கற்றுக்கொண்டார். கை நன்றாகப் படிந்துவிட்டது. நெஞ்சுதான் ஒத்துழைக்கவில்லை. நுரையீரல் பலவீனம், பட்டணத்தை விட்டு நல்ல காற்றுள்ள ஊருக்குப் போவதுதான் வழி என்று சொல்லிவிட்டார்கள்.

பெயர் எஃப்ரெயிம் வேல்ஸ் புல். ஆங்கிலத்தில் சொன்னால் காளை, தமிழில் எழுதினால் புல். இரண்டுமே காட்டு வேலைக்குப் பொருத்தமான பெயர்கள்தான். 1836-ல், முப்பது வயதில், மனைவியோடு பாஸ்டனிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த கன்கார்டு என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். லெக்சிங்டன் சாலையில் ஒரு மர வீடும் அதைச் சேர்ந்த 17 ஏக்கரும் வாங்கினார். தங்க வேலையை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. அதைப் பட்டணத்தில் வைத்துக்கொள்ள இடம் போதவில்லை, இங்கே 17 ஏக்கர் காத்துக்கொண்டிருந்தது.

கன்கார்டு என்றால் இணக்கம். ஆற்றோரத்துப் புல்வெளிகளை வைத்து அங்கிருந்த பூர்வகுடிகள் அந்த இடத்தை மஸ்கெடாகுயிட் என்று அழைத்தார்கள். 1635-ல் வந்து குடியேறிய ஆங்கிலேயர்கள் அவர்களிடமிருந்து நிலத்தை வாங்கி, இணக்கம் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். சூட்டிய வேளை சரியில்லையோ என்னவோ, 140 ஆண்டு கழித்து அமெரிக்கச் சுதந்திரப் போரின் முதல் நாள் சண்டை அந்த ஊரில் மூண்டது. 1775 ஏப்ரல் 19 அன்று, ஆற்றின் வடக்குப் பாலத்தில், நேற்றுவரை ஏர் பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன. பாலத்துக்குப் பக்கத்திலேயே 1770-ல் கட்டிய பாதிரியார் வீடு, அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் சண்டை தெரியும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊருக்குள் வந்ததும், அடிபட்டுத் திரும்பியதும் லெக்சிங்டன் சாலை வழியாகத்தான். அறுபது வருஷம் கழித்து அந்தச் சாலையில் குடிவந்த தங்கக்காரருக்கும் ஒரு எதிரி இருந்தது. அது துப்பாக்கி எடுத்து வரவில்லை. செப்டம்பரில், ராத்திரியில், சத்தமே போடாமல் வந்தது.

அந்த எதிரி உறைபனி. எஃப்ரெயிம் புல்லின் கிறுக்கு, திராட்சை.

அமெரிக்க மண்ணில் திராட்சை வளர்க்க முயன்று தோற்றவர்களின் வரிசை நீளம். 1619-லேயே வர்ஜீனியாவில் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். குடும்பத் தலைவன் ஒவ்வொருவனும் வருஷத்துக்குப் பத்துக் கொடி நட்டுப் பராமரிக்க வேண்டும் என்பது உத்தரவு. சட்டம் போட்டால் கொடி காய்க்குமா? ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த கொடிகள் ஓரிரு வருஷம் தளதளவென்று வளர்ந்து, பிறகு காரணம் தெரியாமல் கருகின. பிற்பாடு ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சனே இத்தாலிக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தன் மான்டிசெல்லோ தோட்டத்தில் முயன்றார், பலனில்லை. வேரை உறிஞ்சுகிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று, இலையைத் தின்கிற பூஞ்சை நோய்கள், எலும்பை ஊடுருவும் குளிர் என்று மூன்றும் சேர்ந்து கொன்றன. வேர்ப்பூச்சிதான் காரணம் என்று கண்டுபிடிக்க 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அதே காடுகளில் காட்டுத் திராட்சை மரம் மரமாக ஏறிக் காய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. தடித்த தோல், பெரிய விதை, புளிப்பு. போதாததற்கு ஒரு காட்டு வாடை. அதற்கு நரித் திராட்சை என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டார்கள். ஐரோப்பியக் கொடிகள் சாவதற்கு முன் பூத்த பூக்களிலிருந்து எங்கோ எப்படியோ நரித் திராட்சையோடு கலந்து, தானாக முளைத்த சில கலப்புக் கொடிகளும் இருந்தன. கட்டாபா, இசபெல்லா என்று அவை நர்சரிகளில் விலைபோயின. இனிப்பு உண்டு, நோய் தாங்கும் தெம்பும் ஓரளவு உண்டு. ஆனால் நீண்ட கோடைக்காலம் வேண்டும். கன்கார்டில் அது கிடையாது. குலை நிறையக் காய், இன்னும் பத்து நாள் வெயில் இருந்தால் பழுத்துவிடும் என்ற நிலையில் ஒரு ராத்திரி பனி இறங்கும். காலையில் போய்ப் பார்த்தால் வெந்த கீரை மாதிரி இலைகள் தொங்கும். புல் பட்டணத்திலிருந்து கொண்டுவந்த ஆசை முழுவதும் வருஷா வருஷம் இப்படிக் கருகிற்று.

வேறு யாராக இருந்தாலும் ஆப்பிளுக்கு மாறியிருப்பார்கள். அந்த ஊரில் ஆப்பிள் நன்றாக வந்தது. புல் திரும்பியது ஊர் ஒதுக்கிவைத்த நரித் திராட்சையின் பக்கம்.

அவருடைய வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. அதன் அடிவாரத்தில் யாரும் நடாத காட்டுக்கொடி ஒன்று தானாக முளைத்திருந்தது. ஆற்றங்கரையில் பறித்துத் தின்றுகொண்டே வந்த பையன்கள் போட்டுவிட்டுப் போன பழத்திலிருந்து முளைத்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. காட்டுப்பழத்துக்கு அது எவ்வளவோ தேவலை என்கிற சுவை. அதைவிட முக்கியமான ஒன்றை அவர் கவனித்தார். மற்றக் கொடிகள் செப்டம்பர் பனியோடு பந்தயம் ஓடித் தோற்றபோது, இந்த அநாதைக் கொடி ஆகஸ்டிலேயே பழுத்து நின்றது. 1843 இலையுதிர்காலத்தில் அதன் பழங்களை எடுத்து மண்ணில் புதைத்தார்.

திராட்சை வளர்ப்பவர்கள் யாரும் விதை போடுவதில்லை. நல்ல கொடியில் போத்து வெட்டி நடுவார்கள், இல்லையென்றால் கொடியை வளைத்து மண்ணில் பதியம் போடுவார்கள். அப்போதுதான் தாய் போலவே பிள்ளை வரும். விதை போட்டால் எந்தக் கன்று எந்தப் பாட்டனின் குணத்தோடு வரும் என்று சொல்ல முடியாது. நூற்றுக்கு நூறு சூதாட்டம் அது. புல் வேண்டுமென்றேதான் ஆடினார். அவருக்குத் தெரியாத ஒன்றும் அந்த விதைகளுக்குள் இருந்தது. காட்டுக்கொடி பூத்திருந்த நாளில், அதே தோட்டத்தில் பனியில் அடிக்கடி தோற்றுக்கொண்டிருந்த கட்டாபாவும் பூத்திருந்தது. காற்றோ வண்டோ நடுவில் தரகு வேலை பார்த்துவிட்டது. பிற்காலத்தில் மரபணுப் பரிசோதனை செய்தவர்கள் கட்டாபாவின் ரத்தம் அதில் ஓடுவதைக் கண்டார்கள். ஊர்க்காட்டின் முரட்டுத் தெம்பும், கட்டாபா வழியாக வந்த ஐரோப்பிய நளினமும் ஒரே விதையில் சேர்ந்திருந்தன. ஆனால் எந்த விதையில்?

அதைத் தெரிந்துகொள்ள ஆறு வருஷம் ஆயிற்று.

அந்த ஆறு வருஷத்தில் ஊர் சும்மா இருக்கவில்லை. எமர்சன் என்ற தத்துவஞானியைச் சுற்றி எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களும் வந்து குவிந்தார்கள். பாலத்தருகே இருந்த அந்தப் பழைய பாதிரியார் வீட்டுக்கு நதானியேல் ஹாதார்ன் 1842-ல் புது மனைவியோடு வாடகைக்கு வந்தபோது, உள்ளூர் இளைஞன் ஒருவன் கல்யாணப் பரிசாக வீட்டு முன்னால் காய்கறித் தோட்டம் போட்டுக் கொடுத்தான். அந்த இளைஞனின் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. 1845-ல் அவன் ஊருக்கு வெளியே வால்டன் குளக்கரையில் தானே ஒரு குடிசை கட்டிக்கொண்டு அவரைக்கொட்டை விதைத்தான். அதே வருஷம் புல்லின் அடுத்த வீட்டுக்கு ஆல்காட் குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டுச் சிறுமி லூயிசா பின்னாளில் 'லிட்டில் விமன்' எழுதப்போகிறவள். இத்தனை பெரிய மனிதர்கள் பெரிய பெரிய விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்த ஊரில், ஒருவர் மட்டும் குனிந்து கன்றுகளின் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளர்ந்த கன்றுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, தேறாததைப் பிடுங்கிப் போட்டார். இது புளிப்பு, இது பூஞ்சை, இது பனி தாங்காது என்று கழித்துக்கொண்டே வந்தார். அந்த விதைப்பில் தேறியது கடைசியில் ஒன்றே ஒன்று.

1849 செப்டம்பர். பனி இன்னும் இறங்கவில்லை. அந்த ஒற்றைக் கொடியில் பழம் கறுத்திருந்தது.

கருநீலம், அதன்மேல் விபூதி பூசியதுபோல் வெண்பொடி. விரலால் தொட்ட இடத்தில் பொடி கலைந்து கறுப்பு மின்னும். கனி பெரியது, குலை கனமானது. பல்லில் வைத்து அழுத்தினால் தோல் ஒரு பக்கம் நிற்க, உள்ளே இருந்த சதை நுங்குபோல் முழுசாக வழுக்கிக்கொண்டு வாய்க்குள் வரும். தோலுக்கடியில்தான் இனிப்பு, நடுவில் புளிப்பு, அதற்கும் நடுவில் விதை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாசனை. நரித் திராட்சையின் காட்டு வாடை போய்விடவில்லை, ஆனால் நாகரிகம் கற்றுக்கொண்டு வந்திருந்தது. அதே 1849-ல் தோரோ எழுதிய ஒரு கட்டுரை அச்சானது. வரி கட்ட மறுத்து ஒரு ராத்திரி உள்ளூர் ஜெயிலில் இருந்த அனுபவத்திலிருந்து பிறந்த கட்டுரை. பல பத்தாண்டுகள் கழித்து தென்னாப்பிரிக்காவில் காந்தி அதைப் படித்தார். ஆக அந்த வருஷம் கன்கார்டிலிருந்து உலகத்துக்கு இரண்டு சரக்கு தயாராயிற்று. ஒன்றைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம்.

புல் அவசரப்படவில்லை. கொடியைப் பதியம் போட்டுப் பெருக்கினார். அதற்குத் தன் பெயரை வைக்காமல் ஊர்ப்பெயரை வைத்தார். 1853-ல் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சிக்குக் கன்கார்டு திராட்சைக் குலைகள் போயின. நியூ இங்கிலாந்துக் குளிரில், கண்ணாடிக் கூண்டு இல்லாமல், வெட்டவெளியில், இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு பெரிய பழம்! முதல் பரிசு வந்தது. பின்னாலேயே நர்சரிக்காரர்களும் வந்தார்கள்.

1854-ல் ஹோவி கம்பெனி கன்கார்டு கன்றை விற்பனைக்கு விட்டது. ஒரு கன்று ஐந்து டாலர், அன்றைய கூலியாளுக்கு அது பல நாள் சம்பளம். முதல் வருஷம் புல் கைக்கு 3,200 டாலர் வந்தது. தங்கத்தைத் தட்டித் தட்டி வராத காசு. அடுத்த வருஷம் இன்னும் வரும், அதற்கடுத்த வருஷம் இன்னும் இன்னும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரும் நினைத்திருப்பார்.

அவர் மறந்த ஒரு விஷயம், அவருடைய கொடியின் நல்ல குணமே அதுதான். கன்கார்டை யார் நட்டாலும் வளர்ந்தது. கவாத்து செய்யும்போது கழித்துப்போடும் குச்சியை ஈரமண்ணில் செருகினாலும் வேர்விட்டது. ஐந்து டாலர் கொடுத்து ஒரே ஒரு கன்று வாங்கிய நர்சரிக்காரர் ஓரிரு வருஷத்தில் அதிலிருந்து டஜன் கணக்கில் கன்று எடுத்தார், அந்த ஒவ்வொன்றிலிருந்தும் இன்னும் பல டஜன். எல்லாம் அசலே, ஒன்றுகூடப் போலி இல்லை. இயந்திரத்தைக் கண்டுபிடித்தவனுக்குக் காப்புரிமை உண்டு, செடியைக் கண்டுபிடித்தவனுக்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. செடிக்குக் காப்புரிமை தரும் சட்டம் அமெரிக்காவில் வந்தது 1930-ல். புல்லுக்கு அது 76 வருஷம் தாமதம்.

விலை சரிந்தது, கொடி பரவியது. ஒஹையோ, மிச்சிகன், நியூயார்க் என்று வேலி வேலியாக ஏறிற்று. 1860-களில் ஹொரேஸ் கிரீலி என்ற பத்திரிகை ஆசிரியர் நாட்டின் சிறந்த பொதுத் திராட்சைக்கென்று ஏற்படுத்திய 100 டாலர் பரிசு கன்கார்டுக்குக் கிடைத்தது. புல்லுக்கும் மரியாதைக்குக் குறைவில்லை. 1855-ல் மாநிலச் சட்டசபைக்கும் அடுத்த ஆண்டு செனட்டுக்கும் ஊர்க்காரர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹாதார்ன் அடுத்த வீட்டையே விலைக்கு வாங்கி வந்து பேச்சுத் துணையானார். மரியாதையைக் கொண்டு மளிகை வாங்க முடியாதே! கன்கார்டை மிஞ்சும் ஒரு திராட்சையைப் படைத்துவிட்டால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று மறுபடி விதை போட ஆரம்பித்தார். வாழ்நாளில் அவர் முளைக்கவைத்த கன்றுகள் 22 ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் வைத்துக்கொள்ளத் தகுதியானவை என்று அவரே ஒப்புக்கொண்டவை 21. கன்கார்டை மிஞ்சிய ஒன்று வரவே இல்லை. அதற்குள் அவருடைய கொடி, அவர் கண்ணில் படாத ஒரு சமையலறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

நியூஜெர்சியில் வைன்லாந்து என்று ஒரு ஊர். பெயரில்தான் வைன், ஊருக்குள் மதுவுக்கு இடமில்லை. அங்கே பல் டாக்டராக இருந்த தாமஸ் பிராம்வெல் வெல்ச், மெத்தடிஸ்ட் சர்ச்சில் திருவிருந்துப் பொறுப்பாளர். மது கூடாது என்று பிரசங்கம் செய்துவிட்டு, அதே மேடையில் மதுவை ஆசீர்வதித்துக் கொடுப்பது அவர் மனதை உறுத்தியது. ஆனால் திராட்சைச் சாறு பிழிந்த சில நாளில் தானாகவே புளித்து மதுவாகிவிடுமே, என்ன செய்வது? பிரான்சில் லூயி பாஸ்டர், சூடாக்கினால் நொதிக்கவைக்கும் கிருமிகள் சாகும் என்று சில வருஷத்துக்கு முன்புதான் நிரூபித்திருந்தார். 1869-ல் வெல்ச்சும் குடும்பமும் வீட்டுக் கன்கார்டுக் கொடியில் பழம் பறித்து, அடுப்பில் வேகவைத்து, துணியில் வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, பாட்டிலோடு வெந்நீரில் கொதிக்கவிட்டார்கள். பிறகு காத்திருந்தார்கள். வாரங்கள் போயின. புளித்திருந்தால் பாட்டில் வெடித்திருக்கும். ஒன்றும் வெடிக்கவில்லை.

புளிக்காத வைன் என்று பெயரிட்டு சர்ச் சர்ச்சாக விற்கப் போனார். பாதிரியார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஏசுநாதர் குடித்தது வைன், இது என்ன ஜூஸ்? நாலு வருஷம் முட்டிமோதிவிட்டு, கையை உதறிக்கொண்டு பல் பிடுங்கப் போய்விட்டார் வெல்ச். கதை அங்கேயே முடிந்திருக்கும், மகன் சார்லஸ் அப்பாவின் பழைய பாட்டில்களைத் தூசி தட்டி எடுக்காமல் இருந்திருந்தால். அவரும் பல் டாக்டர்தான். ஆனால் அவருக்கு ஒன்று புரிந்தது. இதைச் சாமி காரியமாக மட்டும் விற்றால் விற்காது, தாகத்துக்கு விற்க வேண்டும். 1890-ல் பெயரிலிருந்த வைனை வெட்டிவிட்டு, திராட்சை ஜூஸ் என்று மாற்றினார். 1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. கோடைக் கூட்டத்துக்குச் சின்னச் சின்னக் குவளையில் ஜில்லென்ற ஊதா நிற ஜூஸ்.

அதே 1893-ல் கன்கார்டில் 87 வயது கிழவர் ஒருவர் ஏணியில் ஏறித் தன் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் தவறிக் கீழே விழுந்தார்.

அதற்குப் பிறகு எஃப்ரெயிம் புல் முழுசாக எழுந்திருக்கவில்லை. சொந்த வீட்டில் இருக்க வசதியில்லாமல் ஊரின் முதியோர் இல்லத்துக்குப் போய், 1895 செப்டம்பரில், திராட்சை பழுக்கிற மாதத்தில், கண்ணை மூடினார். எமர்சனும் தோரோவும் ஹாதார்னும் உறங்குகிற அதே ஸ்லீப்பி ஹாலோ மயானத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது. விதைத்தவர் இவர், அறுத்தவர்கள் வேறு பேர் என்ற பொருளில் கல்லறையில் நாலே வார்த்தை செதுக்கினார்கள். இலக்கியவாதிகள் நிறைந்த ஊரில் இவ்வளவு கசப்பான ஒரு வரி தங்கம் தட்டியவர் கல்லறையில்தான் வாய்த்தது.

அறுவடையோ அப்போதுதான் ஆரம்பம். வெல்ச் கம்பெனி 1897-ல் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்ஃபீல்டுக்கு இடம்பெயர்ந்தது. ஈரி ஏரிக்கரை நெடுகக் கன்கார்டுத் தோட்டங்கள். 1913-ல் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன், விடைபெறும் பிரிட்டிஷ் தூதருக்கு வைத்த விருந்தில் வைனுக்குப் பதிலாக இந்த ஜூஸை ஊற்றிக் கொடுக்க, பத்திரிகைகள் வாரக்கணக்கில் கேலி செய்தன. இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்குமா? முதல் உலகப் போரில் இந்தத் திராட்சையில் செய்த ஜாமை மொத்தமாக ராணுவமே வாங்கிக்கொண்டது. ரொட்டியில் அதைத் தடவித் தின்ற சிப்பாய்கள் வீடு திரும்பியும் அதையே கேட்டார்கள். இன்னொரு பக்கம், நியூயார்க்கில் குடியேறிய யூதர்களுக்குச் சடங்கு வைன் செய்யப் பக்கத்தில் மலிவாகக் கிடைத்த திராட்சையும் கன்கார்டுதான். மதுவே கூடாது என்ற மெத்தடிஸ்டுக்கும், வெள்ளிக்கிழமை மாலை வைன் இல்லாமல் முடியாது என்ற யூதருக்கும் ஒரே கொடி படியளந்தது. இணக்கம் என்ற பெயர் ஒருவழியாகப் பொருந்தியது! 1956-ல் வெல்ச் கம்பெனியையே திராட்சை விவசாயிகளின் கூட்டுறவு ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது. அறுத்தவர்களில் கடைசியாகவாவது விவசாயிகள் சேர்ந்தார்கள்.

ஆனாலும் இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம். கன்கார்டு பழம் மென்மையானது, தோல் நழுவுவது, தூர தேசத்துக்குத் தாங்காது. அந்தக் கொடி உலகம் முழுவதையும் பிடித்த விதம் வேறு, அதற்குப் பழமே தேவைப்படவில்லை.

1921-ல் ஃபிரெடெரிக் பவர் என்ற ரசாயனக்காரர் திராட்சை ஜூஸைப் பிரித்துப் பார்த்து, அந்த வாசனைக்குக் காரணமான பொருள் ஒன்றை அதில் அடையாளம் கண்டார். பெயர் மெத்தில் ஆந்த்ரனிலேட். பொருள் புதிதல்ல. ஆரஞ்சுப் பூவிலிருந்து எடுக்கும் தைலத்தில் அது இருப்பதை ஏற்கனவே அறிந்திருந்தார்கள், ஆலையில் தயாரிக்கவும் தெரியும். திராட்சைக்குள்ளும் அதுதான் குடியிருக்கிறது என்பதே செய்தி. கொடியும் வேண்டாம், செப்டம்பரும் வேண்டாம். சில சொட்டுப் போதும், சர்க்கரைப் பாகும் ஊதாச் சாயமும் சேர்த்தால் திராட்சை.

எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் கண்ணாடி பாட்டிலுக்குள் இருந்த ஊதா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, இது ஏன் திராட்சை மாதிரியே இல்லை என்று சின்ன வயதில் நான் யோசித்ததுண்டு. தள்ளுவண்டியில் விற்கிற பன்னீர் திராட்சையின் ருசி வேறு, கிரேப் என்று போட்ட மிட்டாய், சூயிங்கம், சோடா, குழந்தைகளின் இருமல் மருந்து எல்லாவற்றின் ருசியும் வேறு. மிட்டாய்க்காரன் ஏமாற்றுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் ஏமாற்றவில்லை. அவன் நேர்மையாக ஒரு திராட்சையைத்தான் நகல் எடுத்திருக்கிறான். அது நமக்குத் தெரிந்த திராட்சையாக இல்லை, அவ்வளவுதான். லெக்சிங்டன் சாலையில் ஒரு தங்கத் தொழிலாளியின் வீட்டுக் கொல்லையில், நரித் திராட்சையின் மிச்ச வாடையோடு 1849-ல் பழுத்த அந்த ஒற்றைக் கொடியின் ருசி, நிறம் உட்பட. நம் பக்கத்தில் அதற்கு ஒட்டும் உறவுமாக ஒன்று உண்டென்றால், தோல் நழுவுகிற பெங்களூர் புளூ. கன்கார்டுப் பனியில் பழுக்க மாட்டாத இசபெல்லாவின் வழிவந்ததாகச் சொல்லப்படுவது அது. மோந்து பார்த்தால் மிட்டாய் வாசனை லேசாக அடிக்கும்.

அந்த மெத்தில் ஆந்த்ரனிலேட் இன்னும் இரண்டு இடங்களில் வேலை பார்க்கிறது. மல்லிகைப் பூவின் மணத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு, தலையில் வைத்த மல்லிகையும் வாயில் போட்ட ஊதா மிட்டாயும் ஒரு வகையில் பங்காளிகள். இரண்டாவது இடம் இன்னும் விசித்திரம். மனிதனுக்கு இவ்வளவு பிடிக்கும் இந்த வாசனை பறவைகளுக்கு ஆகவே ஆகாது. செர்ரித் தோட்டத்திலும் புளூபெர்ரித் தோட்டத்திலும் பறவை விரட்ட இதையே தெளிக்கிறார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை கன்கார்டுத் தோட்டங்கள். அத்தனையும் போத்து வழி வந்தவை என்பதால் வாரிசுகள் என்றுகூடச் சொல்ல முடியாது, 1843-ல் புதைத்த அந்த ஒரே விதையின் கை கால்கள். கன்கார்டு ஊரில் வடக்குப் பாலத்தையும் பாதிரியார் வீட்டையும் ஆல்காட் வீட்டையும் வால்டன் குளத்தையும் பார்க்க வருஷம் முழுவதும் கூட்டம் வருகிறது. லெக்சிங்டன் சாலையிலிருக்கும் புல் வீட்டுக்குத் திராட்சைக்கொடி வீடு என்றே பெயர். கொல்லைப் பந்தலில் ஒரு கொடி ஓடுகிறது. மூலக்கொடியின் வேரிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். செப்டம்பரில், உறைபனி இறங்குவதற்குள், அது பழுத்துவிடுகிறது.